தண்ணீர்ப் பீப்பாயோடு மலையேறிய கதை

என் அப்பா மலைக்குப் போக எடுத்துவைத்த முதல் சாமான் தண்ணீர்.

மலையடிவாரத்தில், கொட்டுகிற மழையில், ஒரு மரப்பீப்பாய்க்குப் பக்கத்தில் அவர் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. மேகத்துக்குள்ளிருந்து அங்கங்கே வெள்ளை வெள்ளையாக அருவி இறங்கியது. பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடியது. பாதையிலும் ஓடியது. நான் சாக்கைத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு, புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து, குளிரில் பல் கிட்ட நின்றுகொண்டிருந்தேன். மனசு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது.

எங்களை மேலே கூட்டிப்போக வந்தவர் மாடசாமி. தோட்டத்துக்குத் தபால் பை சுமக்கிறவர். பீப்பாயை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல என்ன, எண்ணெயா?"

"தண்ணி."

"என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணிதான். தூத்துக்குடியில இருந்து கொண்டாந்திருக்கேன்."

மாடசாமி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் அருவியைப் பார்த்தார். பிறகு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். முதுகு குலுங்கியது.

கொழும்பு பக்கத்துத் தெரு, மலை பரதேசம்

போன வாரக் கட்டுரையை, டீச்சர் டிரெயினிங் முடித்து நான் வீட்டில் உட்கார்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். ஒரு நாள்கூட ஒழுங்காக உட்காரவில்லை. வாரத்துக்கு ஒரு மாப்பிள்ளை பற்றிய பேச்சு வாசல் வழியாக வரும், ஏதாவது ஒரு குறையோடு கொல்லை வழியாகப் போகும். எனக்கோ கையில் சர்ட்டிபிகேட் இருக்கிறது, அதை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அப்போது எனக்கு இருந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார். மேற்கு மலையில் ஒரு தோட்டம். பெயர் மூங்கிலடி. கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், டீச்சர் இல்லை. தங்க அறை உண்டு, துணைக்கு ஒரு நர்ஸம்மா உண்டு. "போறியா?" என்றார். "போறேன்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் மூச்சு விட்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா ஒப்பாரிக்கு ஆயத்தமாகிவிட்டார்.

"மலைக்கா? ஏளா, மலையில மனுசன் இருப்பானா? கொழும்புக்குப் போறேன்னு சொல்லு, நாளைக்கே அனுப்புதேன். உங்க சித்தி இருக்கா, கோயில் இருக்கு, காத்து நல்லா இருந்தா மறுநாள் போய் இறங்கிரலாம்!"

படிக்கிறவர்கள் சிரிக்கக் கூடாது. நாங்கள் கடற்கரைக்காரர்கள். கொழும்பு எங்களுக்குப் பக்கத்துத் தெரு. ஒரு ஞானஸ்நானம் என்றால் தோணியேறிப் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். ஆனால் ரயிலேறினால் அரை நாளில் அடிவாரம் போய்ச் சேருகிற அந்த மலை எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. விடியற்காலையில் மாடியில் நின்றால், வானம் தெளிவாக இருந்தால், மேற்கே நீலமாக ஒரு கோடு. அவ்வளவுதான் எங்களுக்கு மலை.

அப்பா மட்டும் அதைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையோடு பேசுவார். அவர் பெயர் சூசை. தோணியின் தலைவரை எங்கள் பக்கத்தில் தண்டல் என்போம். அவர் சூசைத் தண்டல். கொழும்பிலிருந்து திரும்பும்போது கரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த மலைதான் தெரியுமாம். அதை வைத்துத்தான் சுக்கானைத் திருப்புவார்களாம். "அதுல ஏறணும்னு ஒருநாளும் தோணலையாப்பா?" என்று கேட்டேன். "கலங்கரை விளக்கத்தைப் பாத்துத்தான் வாரோம். அதுக்காக அதுல ஏறியா உக்காருதோம்?" என்றார்.

அப்பாவின் நிபந்தனை

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா பிலோமி, உனக்கு ஒரு காய்ச்சல், ஒரு மனக்கஷ்டம்னா நான் வந்து சேரணும். நான் வந்து சேர முடியாத எடத்துல எம்மவ இருக்க மாட்டா. நானே உன்கூட நடந்து வாரேன். எங்காலு அந்தப் பள்ளிக்கூட வாசல்ல பட்டுச்சுன்னா நீ அங்கன இரு. படலன்னா ரெண்டு பேரும் திரும்பிருவோம். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சிரணும்."

நியாயமான நிபந்தனைதான். அப்பாவுக்குப் பாய்மரத்தில் ஏறும் உடம்பு. அவர் நடக்க முடியாத பாதை எது? அன்றைக்கே நான் டீச்சராகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தரையில் ஒரு கடல்

தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கொழும்புத் தோணிகள் ஓடாது. பாயைச் சுருட்டிக் கரையில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே அப்பாவுக்கு அப்போதுதான் ஓய்வு. பனிமய மாதா திருவிழா முடிந்து கொடி இறங்கட்டும், கிளம்பலாம் என்றார். எங்கள் ஊரில் அந்த மாதங்களில் புழுதி பறக்குமே தவிர ஒரு சொட்டு விழாது. அதே காற்றுதான் அந்தப் பக்கம் மலையில் மழையைக் கொட்டுகிறது என்று எங்களுக்கு யார் சொல்வது? குற்றாலத்துச் சாரல் கேள்விப்பட்டிருந்தோம். சாரல் என்றால் பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

லாரிப் பாதை ஒன்று இருந்தது. யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காது. போதாததற்குப் பாதையும் ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. எனவே காட்டுப் பாதைதான். வழியில் ராத்தங்க மூன்று குடிசைகள் உண்டு என்று, ஏலக்காய் மூட்டையோடு துறைமுகத்துக்கு வந்த தோட்டத்துக் கணக்கர் சொன்னார். யானைச்சாவடி, பெரியபுல், அடிமேடு. மைல் கணக்கும் சொன்னார். அப்பா எங்கள் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்துத் தரையில், சாக்பீஸால் மூன்று புள்ளி வைத்தார். புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தார். காம்பஸ் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"முத நாள் முத துறையைத் தாண்டி ரெண்டாவது துறையில நங்கூரம். மறுநாள் மத்தியானம் கரை புடிச்சிரலாம். ஒன்றரை நாள் ஓட்டம்."

கடலில் அப்படித்தான். புறப்படுகிற இடம், போய்ச் சேருகிற இடம், நடுவே ஒரு கோடு, மிச்சம் காற்றின் பாடு. அந்தக் கோட்டில் ஏற்றம் இறக்கம் என்று ஒன்று உண்டு என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் பூகோளத்தில் நல்ல மார்க் வாங்கியவள்.

சாக்பீஸ் கோட்டைச் சுற்றி நாங்கள் நாலு நாள் திருவிழாக் கொண்டாடினோம். தெருவில் இருந்த மாலுமிகள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். கருவாடு ஒரு பொட்டணம், அவல், கருப்பட்டி, ஒரு முழுக் கயிற்றுச் சுருள், அரிக்கேன் விளக்கு. கடைசியில் பீப்பாய்.

"யப்பா, மலையில தண்ணி இருக்காதா?"

"இருக்கும். மலைத் தண்ணி காய்ச்சல் தண்ணி. அதுவும் போக, தண்ணி நிறைக்காம இதுவரைக்கும் நான் கரையை விட்டதில்ல. இப்பம் மட்டும் என்ன?"

தோணிக்காரர்களின் முதல் சட்டம் அது. சின்னப் பீப்பாய்தான், ஆனால் நிறைத்தால் ஓர் ஆள் தூக்க முடியாது. கம்பில் கட்டி இரண்டு பேர் தோளில் வைக்க வேண்டும். ஒரு தோள் அப்பாவுடையது. மற்ற தோள் பாவம் மாடசாமியுடையது.

ஏற்றம்

அடிவாரத்துக்குத் திரும்பி வருகிறேன். மாடசாமி சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பின் ஒரு முனையைத் தோளில் வைத்தார். நான் தபால் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அரசாங்கத் தபால் என் முதுகில்! எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் ஒரு மணி நேரம் அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினார். அப்புறம் பாட்டு நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. ஆடுகிற தளத்தில் அசையாமல் நிற்கப் பழகிய கால்கள் அவை. ஆடாத தரை இப்படிச் செங்குத்தாக எழுந்து நின்றால் என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனால் எனக்கு மூச்சு முட்டமுட்ட உற்சாகம் ஏறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் இதுவரை பார்க்காத ஒரு மரம், இதுவரை கேட்காத ஒரு பறவை. ஈரமண் வாசனையும், கசக்கின இலை வாசனையும். பாறையில் பச்சைப் பாசி. எங்கள் ஊரில் பச்சை என்றால் கடல்தான்.

அட்டைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. சுறாவுக்குப் பயப்படாத அப்பா, கால்விரல் இடுக்கில் ஓர் அட்டையைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் குரங்குகள் ஓடின. மாடசாமி உப்புக் கேட்டார். எங்களிடம் உப்பு இல்லை. கருவாடு இருந்தது. ஒரு சீலாக் கருவாட்டை எடுத்துக் காலில் தேய்த்தோம். அட்டை சுருண்டு விழுந்தது. அதிலிருந்து மேலே போகும்வரை எங்கள் மூவர் கால்களும் மீன் சந்தையாக நாறின. வழியில் ஒரு பூனை இருந்திருந்தால் கூடவே வந்திருக்கும்.

இருட்டுவதற்குள் முதல் குடிசையைத்தான் பிடித்தோம். கல்சுவர், புல்கூரை, நடுவில் ஓர் அடுப்பு. யானை வராமல் சுற்றிலும் அகழி மாதிரிக் கிடங்கு வெட்டியிருந்தது. உள்ளே நுழைந்து சோற்றுக்கு உலை வைத்த நேரத்தில் கிடங்குக்கு அந்தப் பக்கம் மூங்கில் ஒடியும் சத்தம். நான் வாசலில் போய் நின்றேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முதுகு, அதன் பின்னால் ஒரு சின்ன முதுகு, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். மாடசாமி அடுப்பை ஊதுவதை நிறுத்தவே இல்லை.

"டீச்சரம்மா, இதுக தினம் போறதுதான். உங்க கடலை நெனச்சாத்தான் எனக்குப் பயம். காலு வைக்க எடமில்லாம எப்படித்தான் போறீயளோ!"

உலையில் எந்தத் தண்ணீர் என்று கேட்கிறீர்களா? தூத்துக்குடித் தண்ணீர். பக்கத்திலேயே ஓடை ஓடியது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

பீப்பாய் போன வழி

மறுநாள் மூட்டம் இறங்கியது. முன்னால் போகிற ஆள் தெரியவில்லை. முகத்தில் ஈரம், இமையில் ஈரம், எங்கும் வெள்ளை. அப்பா நின்றார். கையை நீட்டிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"பனிமய மாதான்னு சின்னதுல இருந்து கும்பிடுதேன். பனின்னா என்னன்னு இன்னைக்குத்தான் பாக்கேன், கேட்டியா?"

அவர் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை. இந்த மனுஷர் எனக்காக வந்தார், ஆனால் இப்போது தனக்காகவும் பார்க்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் நாங்கள் இரண்டாவது குடிசையில் தங்கி, மூன்றாவது நாள் அடிமேட்டை நோக்கி நடந்தோம். ஒன்றரை நாள் கணக்கை யாரும் வாயில் எடுக்கவில்லை. குடிசை கண்ணுக்குத் தெரிகிற தூரம். நடுவே ஓர் ஓடை. ஓடையில் வழுக்குப் பாறை. அப்பாவின் கால் வழுக்கியது. கீழே விழுந்தவர் கம்பை விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பீப்பாயைக் காப்பாற்றத் திரும்பினார். முட்டி மடிந்தது. பீப்பாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பாறைக்குப் பாறை குதித்து, மூடி தெறித்து, தூத்துக்குடித் தண்ணீரையெல்லாம் மலையோடையில் கொட்டிவிட்டுக் கண்ணுக்கு மறைந்தது.

"போச்சு" என்றார் அப்பா. அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போச்சு" என்றார்.

அடிமேட்டுக் குடிசை

மாடசாமியும் நானுமாக அவரைத் தாங்கிக் குடிசையில் சேர்த்தோம். முட்டி வீங்கிவிட்டது. தோட்டம் தலைக்கு மேலேதான் இருந்தது. ஒரே ஏற்றம், ஆனால் ஏணியைச் சாத்தி வைத்த மாதிரி. பாதை வளைந்து வளைந்து மூட்டத்துக்குள் போனது.

நான் அடுப்பு மூட்டினேன். ஓடையில் மொண்டு வந்து காய்ச்சின தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஒரே மடக்கில் குடித்தார். எனக்கு அழுகை முட்டியது. அவர் கால் அந்த வாசலில் படாது. நிபந்தனை நிபந்தனைதான். என் அப்பா சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் தலைக்கு மேலே இருக்கிறது, நான் திரும்பிப் போகப் போகிறேன். தூத்துக்குடியில் மாப்பிள்ளை பேச்சு வாசலில் காத்துக்கொண்டிருக்கும்.

மாடசாமிக்கு விஷயம் தெரியும். அவர்தான் பேசினார்.

"மேல போய் ஆளு கூட்டியாறேன் அண்ணாச்சி. டோலி கட்டித் தூக்கிட்டுப் போயிருவோம். வாசல்ல கொண்டுபோய் எறக்கிருதோம்."

"மூட்டை கணக்கா தூக்கிட்டுப் போனா அது நான் வந்ததாகுமாவே?" என்றார் அப்பா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது.

"ஏளா, நம்ம ஊருக்கு வார கப்பல் எங்கன நிக்கிது?"

எனக்குப் புரியவில்லை. "நடுக்கடல்லதான். கரையில ஆழமில்லல்லா?"

"கரைக்கு வர முடியல. அதுக்காக சரக்கு எறங்காமலா போகுது? நாமதான் தோணியில போய் எறக்கிட்டு வாரோம். வர முடியாததுக்குக் கப்பல் மேல எவனும் குறை சொல்லல." முட்டியைத் தடவிக்கொண்டார். "நான் இந்தக் குடிசை வரைக்கும் வந்துட்டேன். எப்பம் வேணும்னாலும் இதுவரைக்கும் வருவேன். இங்கன நின்னு கூப்பிட்டா நீ எறங்கி வா. எங்குரல் மேல எட்டுனா நான் எட்டுன மாதிரிதான். எட்டலன்னா மறுபேச்சு இல்ல, வந்துரு."

"எட்டுமா மாடசாமி அண்ணாச்சி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

அவர் வெளியே போய் மூட்டத்தை அண்ணாந்து பார்த்தார். "வெயில் நாள்னா கேக்கும். இந்த மழையில சொல்ல முடியாது" என்றார்.

குரல்

அப்பாவுக்குத் துணையாக மாடசாமி நின்றார். ஒரே பாதை, தப்ப வழியில்லை, தனியாகப் போகலாம் என்றார். தபால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பா வாசல் தூணைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு தோணிக்காரர்களின் கூவலைத் தொடங்கினார். மூட்டமான கடலில் ஒரு தோணியிலிருந்து இன்னொரு தோணிக்குப் போடுகிற சத்தம் அது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, நீண்டு, கடைசியில் ஒரு சுண்டு சுண்டி நிற்கும். கேட்கிற தோணி அதே மாதிரி பதில் கொடுக்க வேண்டும்.

முதல் வளைவில் நான் பதில் கொடுத்தேன். இரண்டாவது வளைவிலும் கொடுத்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கைகளை ஊன்றி, வேரைப் பிடித்து, புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு வளைவுக்கும் அவர் குரல் மெலிந்தது. மழை வலுத்தது. ஒரு வளைவில் கேட்கவே இல்லை. நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இலையில் விழும் மழைதான் கேட்டது. 'மாதாவே, கொஞ்சம் நிறுத்து' என்று வேண்டிக்கொண்டு மேலே ஏறினேன்.

திடீரென்று தரை சமமாகிவிட்டது. மூட்டத்தில் ஒரு வேலி, ஓர் ஓட்டுக்கூரை, அதன் கீழே மங்கலாகச் சின்னச் சின்ன உருவங்கள். இங்கே மழை தூறலாக இருந்தது. நான் திரும்பி நின்று காதைக் கொடுத்தேன். அப்பா, கூப்பிடுங்கப்பா. இன்னும் ஒரு தடவை.

வந்தது. தொலைவிலிருந்து, கீழே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, நூலாக வந்தது. கடைசிச் சுண்டு மட்டும் தெளிவாகக் கேட்டது.

பதில் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும், யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாமலே, ஒரே குரலில் திருப்பிக் கூவினார்கள். அப்பா மறுபடி கூப்பிட்டார். பிள்ளைகள் மறுபடி கூவினார்கள். எனக்கு முகமெல்லாம் மழையும் கண்ணீருமாக, சிரிப்பை அடக்க முடியாமல், தபால் பையோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் பள்ளிக்கூடத்தில் வகுப்பு தொடங்கிவிட்டது, நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.